நாற்பத்து நான்கு சதவீத ஈரம்

1

இந்தக் கதையைக் கலைக்காக எழுத ஆரம்பிக்கவில்லை. தப்பிப்பதற்காக ஆரம்பித்தேன். ஐந்து வாரமாக ஊரில் இல்லாத என் மனைவி வீடு திரும்ப இரண்டு நாள் இருந்தது. அவளிடம் நேருக்கு நேர் சொல்ல வேண்டிய ஒரு விஷயமும் இருந்தது. அதை வாயால் சொல்லத் தெம்பில்லை. தாளில் எழுதி நீட்டிவிடலாம், கதை என்று சொல்லிவிட்டால் பாதிக் குற்றம் கதாபாத்திரத்தின் தலையில் விழும் என்று கணக்குப் போட்டேன்.

விஷயம் இதுதான். அவளுடைய எலுமிச்சைச் செடியைக் காய விட்டுவிட்டேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. செடி செழிப்பாக இருப்பதாக இருபத்தொன்பது நாள் அவளுடைய போனுக்கு வரைபடம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. வளைந்த அடைப்புக்குள் இருப்பவை என் முணுமுணுப்புகள். சதுர அடைப்புக்குள் இருப்பவை என் மனைவி ஓரத்தில் பென்சிலால் எழுதியவை. நான் எது எழுதினாலும் முதலில் படிப்பவள் அவள்தான். வழக்கமாக அவள் சொல்வதில் எனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வேன். இந்த முறை அந்த யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

[தலைப்புல அந்த எண் வேண்டாம். பார்த்தாலே எரிச்சலா வருது.]

(தலைப்பை மாற்றவில்லை. தினமும் என் கண்ணில் பட வேண்டும்.)

2

முதல் தொடக்கம்:

"பால்கனிக் கதவைத் திறந்தபோது ஓர் இலை மெல்லக் காற்றில் அசைந்து——"

அசைய இலை எங்கே இருந்தது? எல்லாம் கொட்டிக் கிடந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"மனிதன் இயந்திரத்தின் கண்ணால் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து தன்னுடைய சொந்தக் கண்ணை——"

ஐயையோ. ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றாத ஆள் மனித குலத்தையே துணைக்கு இழுக்கிறான். இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "எனக்குக் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் தெரியும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. 'கொஞ்சம்' என்ற சொல் நேர்மையாகவே நிற்கிறது. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

எனக்குக் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் தெரியும். பகலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அதாவது, அடுத்தவர் எழுத்தில் உள்ள தவறைக் கண்டுபிடிப்பது என் தொழில். (சிரிக்க வேண்டியவர்கள் இங்கேயே சிரித்துவிடலாம். பிறகு இடம் கிடைக்காது.) மாலையில் கதை எழுதுவேன். மூன்று வருடமாகக் கதையையும் ஓரம்கட்டிவிட்டு இன்னொரு பைத்தியம் பிடித்திருக்கிறது: மைக்ரோகன்ட்ரோலர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னப் பலகை. கணினியில் நாம் எழுதும் நிரலை அதற்குள் ஏற்றிவிட்டால் போதும். விளக்கு எரியும், மோட்டார் சுற்றும், அறையின் வெப்பத்தை அளந்து போனுக்கு அனுப்பும். முதல் முறை ஒரு பொட்டு விளக்கு நான் சொன்னபடி கண் சிமிட்டியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அதுவரை நான் சொன்னதை அந்த வீட்டில் வேறு எதுவும் கேட்டதில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒரு பொருளையும் நான் சும்மா விடவில்லை. குளிர்பெட்டிக் கதவு திறந்திருந்தால் கத்துகிற கருவி செய்தேன். மூடியிருந்தாலும் கத்தியது. மனைவி அதை மேசை டிராயருக்குள் போட்டாள். அங்கிருந்தும் கத்தியது. அழைப்பு மணியை நவீனப்படுத்தினேன். அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டுக்கு யாருமே வரவில்லை. வந்தவர்கள் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். உதிரிபாகக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "வாங்க சார், இந்த வாரம் என்ன எரிஞ்சுது?"

[கடைக்காரர் பெயரே தெரியாம மூணு வருஷமா அவரோட பேசுறீங்க. என்கிட்ட பேசினத விட அதிகமா.]

4

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய தங்கைக்கு முதுகில் அறுவை சிகிச்சை. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஐந்து வாரம் தங்கை ஊருக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்புகிற அன்று, பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனாள். அங்கே மண் தொட்டியில் ஒரு எலுமிச்சை. என் இடுப்பு உயரம். ஒன்பது வருடமாக ஒரு பூ பூத்ததில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வீட்டப் பெருக்காதீங்க, பாத்திரத்தக் கழுவாதீங்க, எப்படி வேணா இருங்க. இதுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு சொம்பு."

"ஒரு சொம்பா? நான் முழு அமைப்பே பண்ணப்போறேன். சென்சார், பம்பு, எல்லாம் தானா நடக்கும்."

"சொம்பு போதுங்க."

"நீ அங்க இருந்தே போன்ல பார்க்கலாம்."

அவள் சொம்பைக் குழாயடியில், என் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போனாள்.

இந்தச் செடி அவளுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று வாசகருக்குச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா மருத்துவமனையில் கடைசியாகக் கேட்டது எலுமிச்சைச் சாறு. இரண்டு வாய் குடித்தார். டம்ளரின் அடியில் தங்கிய ஒரு விதையை அவள் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து மண்ணில் புதைத்தாள். அதுதான் இந்தச் செடி.

[இதப் பத்திக் கடைசியில சொல்றேன்.]

5

ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்த நான் செலவிட்டது ஏறக்குறைய இரண்டு வாரம்.

திட்டம் எளிது. மண்ணில் இரண்டு கால் உள்ள ஒரு ஈரச் சென்சாரைச் செருக வேண்டும். அது ஈரத்தைச் சதவீதமாகச் சொல்லும். முப்பத்தைந்துக்குக் கீழே போனால், பக்கத்தில் உள்ள வாளியிலிருந்து மீன்தொட்டிப் பம்பு ஒன்று செடிக்குத் தண்ணீர் இறைக்கும். ஒவ்வொரு மணிக்கும் அந்த எண் வரைபடமாக எங்கள் இருவர் போனுக்கும் போகும்.

நிரல் எழுதும்போது கையில் சென்சார் இல்லை. "வியாழக்கிழமை வந்துரும் சார்," என்றார் கடைக்காரர். எந்த வியாழன் என்று அவர் சொல்லவில்லை. சென்சார் இல்லாமல் வரைபடத்தை எப்படிச் சோதிப்பது? அதனால் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தேன். சென்சாருக்குப் பதிலாக ஒரு சின்ன நிரல்துண்டு. கேட்டால் நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்தேழுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண்ணைத் தானாகக் கற்பனை செய்து கொடுக்கும். 43, 46, 44, 41, 44. பார்க்க அவ்வளவு இயல்பாக இருந்தது. எனக்கே உண்மைபோலத் தோன்றியது. அதன் மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: "தற்காலிகம். சென்சார் வந்ததும் எடுத்துவிட வேண்டும்."

(இந்தப் பைத்தியம் உள்ளவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். உங்களில் யாராவது இருந்தால் இப்போதே எழுந்து போய் உங்கள் நிரலில் 'தற்காலிகம்' என்று தேடிப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.)

அவள் போன முதல் நான்கு நாள் சொம்பால்தான் ஊற்றினேன். ஐந்தாம் நாள் சென்சார் வந்தது. மண்ணில் செருகினேன். வாளியை நிரப்பினேன். நிரலில் சென்சாரைப் படிக்கும் வரியைச் சேர்த்தேன்; அது படிப்பதைப் பலகையின் நினைவகத்தில் பதிந்து வைக்கவும் சொன்னேன். நிரல் ஒரு குறை சொல்லாமல் ஏறியது. வரி முடிவில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் குய்யோமுறையோ என்று கத்துகிற கணினி, இவ்வளவு பெரிய தவறுக்கு வாயைத் திறக்கவில்லை. தற்காலிகத் துண்டை எடுக்க மறந்திருந்தேன்; வரைபடமும் பம்பும் அதன் கற்பனை எண்ணைத்தான் இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தன. அது எந்நாளும் முப்பத்தைந்துக்குக் கீழே போகாது. பம்பு எந்நாளும் ஓடாது.

அன்று எதிர்க் கட்டடத்தில் சுவரைத் தேய்க்கிற வேலை தொடங்கியது. புழுதி வருகிறதென்று பால்கனிக் கதவைச் சாத்தித் திரைச்சீலையையும் இழுத்துவிட்டேன்.

6

இங்கே ஒரு சிக்கல். இந்தக் கதையில் வரும் கணவனை யார் நம்புவார்கள்? அவன் மேசைக்கும் பால்கனிக்கும் நாலு அடி தூரம். நாலு அடி எழுந்து போய் எட்டிப் பார்க்காமல் ஒரு மனிதன் இருபத்தொன்பது நாள் இருப்பானா? பத்திரிகை ஆசிரியர் யாரிடமாவது கொடுத்தால், "பாத்திரம் செயற்கையாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. மும்முரமாக இருந்தான். வரைபடத்தின் கோட்டைப் பச்சையாக்கினான். எண்ணுக்குப் பக்கத்தில் சிரிக்கும் இலை ஒன்றை வரைந்தான். அந்த இலை தலையாட்ட வேண்டுமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தான். காலை எட்டு மணிக்குச் செடியே அனுப்புவதுபோல "நான் நலம்" என்று ஒரு செய்தி போக ஏற்பாடு செய்தான். ஒருமுறை மட்டும், முதல் வாரத்திலேயே, திரைச்சீலையை விலக்கிக் கண்ணாடி வழியாக வாளியைப் பார்த்தான். தண்ணீர் குறையவே இல்லை. என்ன ஒரு சிக்கனமான அமைப்பு என்று வியந்து திரைச்சீலையை மூடினான்.

[அந்த "நான் நலம்" செய்தி முதல் தடவை ஆஸ்பத்திரி வராண்டாவுல வந்துச்சு. அன்னிக்குத் தங்கச்சிக்குக் காய்ச்சல் இறங்கல.]

தினமும் சாயங்காலம் அவள் போன் செய்வாள். முதலில் தங்கையைப் பற்றிச் சொல்வாள். பிறகு கேட்பாள்.

"செடி எப்படி இருக்கு?"

"நாப்பத்தி நாலு."

மறுநாளும் கேட்பாள்.

"செடி எப்படி இருக்கு?"

"நாப்பத்தி ஆறு. நீயும் பார்த்திருப்பியே, இலை தலையாட்டுதா?"

"ஆட்டுது."

மூன்றாவது வாரம் ஒருநாள் சொன்னாள்:

"ஒரு தடவை போய்த் தொட்டுப் பாருங்களேன்."

"சென்சார் தொட்டுக்கிட்டேதான் இருக்கு," என்றேன்.

இதை எழுதும்போதுகூட என் காது சூடாகிறது. சொன்ன அன்று அது பெரிய நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

7

அவள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, துணி காயப்போட இடம் தேடிப் பால்கனிக் கதவைத் திறந்தேன்.

இலைகள் எல்லாம் தரையில் சுருண்டு கிடந்தன. மண் இறுகிச் சுருங்கி, தொட்டியின் விளிம்பை விட்டு விலகி நின்றது. நடுவில் என் விரல் போகும் அளவுக்கு இடைவெளி. போனை எடுத்துப் பார்த்தேன். 44. இலை சிரித்துத் தலையாட்டியது.

நான் முதலில் சந்தேகப்பட்டது செடியை. மெய்யாகவே சொல்கிறேன். ஈரம் நன்றாகத்தானே இருக்கிறது, இதற்கு வேறு ஏதோ நோய் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்து ஒயரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில்தான் விரலை மண்ணில் வைத்தேன். நகம் வலித்தது.

நிரலைத் திறந்து தேடினேன். நூற்றுப் பன்னிரண்டாவது வரி. "தற்காலிகம்."

பாவம் அந்தச் சென்சார். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. யாரும் கேட்காவிட்டாலும் உண்மையான எண்களை மணிக்கு மணி பலகையின் நினைவகத்தில் எழுதி வைத்திருந்தது. நாளுக்கு ஒன்றாக எடுத்துப் பார்த்தால் 52, 47, 41, 34, 28, 21. பிறகு 15. பிறகு 9. பிறகு 3, 3, 3 என்று பல நாள். அந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் நான் அழுதேன். ஒரு மெய்ப்புத் திருத்துபவனுக்குத் தன் வீட்டுத் தவறு எண் வடிவில் வந்தால்தான் உறைக்கிறது.

8

முடிவுகள்.

முதல் முடிவு: கணவன் செடி விற்கும் பண்ணைக்குப் போய் அதே உயரத்தில் வேறொரு எலுமிச்சையை வாங்கி வந்து தொட்டியில் வைத்துவிடுகிறான். மனைவிக்கு வித்தியாசம் தெரியவில்லை. சுபம்.

(போனேன். இடுப்பு உயரத்தில் ஒன்று இருந்தது. கையிலும் எடுத்துவிட்டேன். பண்ணைக்காரர் பெருமையாக, "நல்ல சாதி சார், அடுத்த மாசமே பூக்கும்," என்றார். ஒன்பது வருடம் பூக்காத செடி அடுத்த மாதம் பூத்தால் மாட்டிக்கொள்வேன். கீழே வைத்துவிட்டேன். என்னை மனசாட்சி தடுத்தது என்று எழுதத்தான் ஆசை.)

இரண்டாவது முடிவு: பழி சென்சார் மேல். கடைக்காரர் மட்டமான பொருளைக் கொடுத்துவிட்டார் என்று கணவன்——

இல்லை. இந்த வீட்டில் உண்மை பேசிய ஒரே ஆள் அதுதான்.

மூன்றாவது முடிவு: கணவன் எல்லாவற்றையும் கதையாக எழுதி மனைவியிடம் கொடுக்கிறான். அவள் படித்து, அவன் எழுத்தின் நேர்மையில் உருகி——

[உருகல.]

9

சனிக்கிழமை காலை அவள் வந்தாள். நான் பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். காபியும் தாள்களும் பென்சிலும் சாப்பாட்டு மேசையில் தயாராக இருந்தன.

"முதல்ல இதப் படிச்சிடேன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சாத்திய திரைச்சீலையைப் பார்த்தாள். உட்கார்ந்து படித்தாள். காபி ஆறிப்போனது. கடைசித் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கம் நிறைய நேரம் எழுதினாள். அதை அப்படியே தருகிறேன்:

[உங்க கோடு வர ஆரம்பிச்ச மூணாவது நாளே எனக்குத் தெரியும். தினமும் காலையில லேப் மெஷின் சரியா இருக்கான்னு பார்க்க அதுல முதல்ல போடுறது, விடை தெரிஞ்ச ஒரு சாம்பிள். அதோட எண்ணுகளப் புள்ளி வெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்குறவ நான். மண்ணு ஈரம்னா கொஞ்சம் கொஞ்சமா இறங்கணும், தண்ணி ஊத்தினா சட்டுனு ஏறணும். உங்க கோடு இறங்கவும் இல்ல, ஏறவும் இல்ல. நின்ன இடத்துலயே குதிச்சுது. உயிருள்ள எதுவும் அப்படி இருக்காது.

ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. தினமும் கேட்டேனே. செடி எப்படி இருக்குன்னு கேட்டேன். நான் எண்ணக் கேக்கல. தொட்டுப் பாருங்கன்னுகூட சொன்னேன். அதுக்கு மேல, ஆஸ்பத்திரில உக்காந்துக்கிட்டு உங்கள நாலு அடி எழுப்பி விட எனக்குத் தெம்பு இல்ல. எழுந்து போறீங்களான்னு பார்ப்போம்னு ஒரு வீம்பும் வந்துச்சு. செடி மேல அந்த வீம்பக் காட்டினது என் தப்பு.

இப்ப அந்த விதை. அப்பா கேட்டது வெந்நீர். எலுமிச்சைச் சாறு இல்ல. கதைக்குக் கனம் வேணும்னு அத நீங்களே போட்டீங்க. அதுவும் உங்க நாப்பத்தி நாலுதான். கல்யாணம் ஆன மூணாவது மாசம் எனக்குக் காய்ச்சல். நீங்க முதல் தடவையா சமையல்கட்டுக்குள்ள போய் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொண்டு வந்தீங்க. வடிகட்டல. சக்கரைக்குப் பதிலா உப்ப அள்ளிப் போட்டிருந்தீங்க. அப்பவும் பக்கத்துலயே உக்காந்து, குடிக்கிற வரைக்கும் நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீங்க. வாயில மாட்டின விதையத்தான் நட்டேன். உங்களுக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு.]

எனக்கு ஞாபகம் இல்லை. இதை மறைத்துப் பயனில்லை. ஒன்பது வருடம் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. தெரியாத இடத்தில் நம்பும்படி ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பிவிட்டேன். அது என் பழக்கம். கதையில் அதற்குப் பாராட்டுக்கூடக் கிடைத்திருக்கிறது.

"சாவியக் குடுங்க," என்றாள்.

10

இருவரும் பால்கனியில் நின்றோம். அவள் கீழே கிடந்த இலைகளை மிதிக்காமல் சுற்றி வந்தாள். தொட்டி முன் உட்காரப் போனவள், உட்காராமல் தள்ளி நின்றுகொண்டாள்.

"எலுமிச்சை லேசுல சாகாது. அடித்தண்ட நகத்தால சுரண்டிப் பார்க்கணும். உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு. பழுப்பா இருந்தா இல்ல."

"சரி, பாரு."

"நான் பார்க்கல. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

"நான் சொன்னா நம்புவியா?"

அவள் கைப்பிடிச் சுவரில் படிந்திருந்த புழுதியை விரலால் இழுத்துக்கொண்டே யோசித்தாள்.

"தெரியல. சொல்லிப் பாருங்க."

முட்டி போட்டு உட்கார்ந்தேன். சென்சாரைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். மண்ணுக்கு இரண்டு விரல் மேலே, தண்டின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். மறுபடி சுரண்டினேன். வெளிச்சம் விழும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன். ஒரே சொல்தான்.

அவள் குனிந்து பார்க்கவில்லை.

"சரி," என்றாள். உள்ளே போய்க் குழாயடியில் இருந்த சொம்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். அவள் முகத்தை வைத்தோ சொம்பை வைத்தோ உங்களால் எதுவும் ஊகிக்க முடியாது. செத்த செடியானாலும் இறுகிய மண்ணை நனைத்தால்தான் தோண்டி எடுக்க முடியும்.

அது என்ன சொல் என்று இங்கே எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அவளுடைய அப்பாவின் விதையையும் ஒரு நிமிடம் நம்பினீர்கள்தானே? நம்பும்படி எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. அதனால் முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பச்சையோ பழுப்போ, உங்களுக்குத் தோன்றியதை வைத்துக்கொள்ளுங்கள். நம்ப வேண்டிய ஆள் பார்க்காமலே நம்பிவிட்டாள். இனி இந்தக் கதையில் எனக்கு வேலை இல்லை. வாளியில் நான்கு வாரமாக நின்ற தண்ணீர் அப்படியே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு சொம்பு.